விருது பெற்ற சிறார், இளையோர் நூல்களைப் பள்ளி நூலகத்தில் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நூலின் முகப்பில் ஒட்டப்பட்டிருக்கும் தங்க நிற வட்டம் ஒரே ஒரு செய்தியைத்தான் உறுதியாகச் சொல்கிறது. குறிப்பிட்ட ஓர் ஆண்டில், குறிப்பிட்ட விதிகளுக்கு உட்பட்டு, பெரியவர்கள் சிலர் கூடிப் பேசி அந்த நூலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே அந்தச் செய்தி. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைப் பத்துப் பக்கம் தாண்டிப் படிப்பாளா, அது உங்கள் பள்ளியின் பயிற்று மொழியில் கிடைக்குமா, அடுத்த ஆண்டும் யாராவது அதை இரவல் கேட்பார்களா என்பவற்றை அந்த வட்டம் சொல்லாது. ஆனாலும், ஆண்டுதோறும் குவியும் புதிய சிறார் நூல்களுக்கு நடுவே எதை வாங்குவது என்று திகைக்கும் நூலகருக்கு, பிறர் பொறுமையாகப் படித்து வடிகட்டித் தந்த பட்டியல் மிகப் பெரிய உதவியாகும். விருதின் பெயரைக் காட்டிலும் விருதின் விதியை அறிந்து வைத்திருப்பவருக்கே அந்த உதவி முழுமையாகக் கிடைக்கும் என்ற எண்ணத்தில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

முதல் படி: இரவல் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

விருதுப் பட்டியலைத் திறப்பதற்கு முன் உங்கள் நூலகத்தின் இரவல் பதிவேட்டைத் திறக்க வேண்டும். கடந்த ஓராண்டில் எந்த வகுப்பு மாணவர்கள் எந்த வகை நூல்களை எடுத்துச் சென்றார்கள், எந்த வகுப்போடு இரவல் திடீரென்று குறைகிறது, எந்த நூல்கள் மறுநாளே திரும்பி வருகின்றன என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளே திரும்பி வரும் நூல் பெரும்பாலும் படிக்கப்படாத நூலாகவே இருக்கும். படக்கதை மட்டும் இதற்கு விதிவிலக்கு. பல பள்ளிகளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இரவல் எண்ணிக்கை சரிவதைக் காணலாம். குழந்தைக் கதைகள் அவர்களுக்குச் சிறியனவாகிவிடுகின்றன, பெரியவர்களுக்கான நாவல்களோ இன்னும் எட்டவில்லை. இப்படி ஓர் இடைவெளி இருந்தால், சிறார் விருதுகளைவிட இளையோர் விருதுகளையே நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு விருதின் விதியையும் படியுங்கள்

வேலையின் பாதி இங்குதான் இருக்கிறது என்பதால் இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு விருதைப் பற்றியும் கேட்க வேண்டியவை நான்கு: யாருக்குத் தரப்படுகிறது, எந்த வயது வாசகரை மனத்தில் கொண்டு தரப்படுகிறது, எந்த நாட்டு அல்லது மொழி நூல்கள் போட்டியில் இருக்கின்றன, தேர்ந்தெடுப்பவர்கள் யார்.

நியூபெரி பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் பிரிவு 1922 முதல் வழங்கிவரும் இப்பதக்கம் எழுத்துக்கானது. பதினான்கு வயது வரையிலான வாசகர்களுக்கு உரிய நூல்கள் கருத்தில் கொள்ளப்படுகின்றன. நூலாசிரியர் அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கு வசிப்பவராகவோ இருக்க வேண்டும். எனவே, உலகின் சிறந்த சிறார் நூல் எது என்ற கேள்விக்கு நியூபெரி பதில் சொல்வதில்லை. 1938-இல் தொடங்கிய கால்டெகாட் பதக்கம் ஓவியருக்கு உரியது. அதன் வயது வரம்பும் பதினான்குதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கால்டெகாட் என்றாலே மழலையர் படநூல் என்று எண்ணி வாங்கிவிடுகிறார்கள். 2008-ஆம் ஆண்டு அப்பதக்கத்தைப் பெற்ற பிரையன் செல்ஸ்னிக்கின் 'தி இன்வென்ஷன் ஆஃப் ஹியூகோ காப்ரே' ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட, படமும் உரைநடையும் மாறி மாறிக் கதையை நகர்த்தும் தடித்த நூல். அதை முதல் வகுப்பு அலமாரியில் வைத்தால் யாருக்கும் பயன்படாது. ஆறாம் வகுப்பில் படிக்கத் தயங்கும் மாணவருக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய புத்தகத்தை முடித்துவிட்டோம் என்ற பெருமையை அது தரும்.

இதே சங்கத்தின் இளையோர் பிரிவு 2000 முதல் வழங்கும் பிரின்ட்ஸ் விருது, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான வாசகர்களுக்கான நூல்களுக்கு உரியது. அதன் அளவுகோல் இலக்கியத் தரம் மட்டுமே. பாடம் புகட்டுகிறதா, பரவலாக விற்கிறதா என்பவை அதில் சேராது. ஆகவே இப்பட்டியலில் கடினமான கட்டமைப்பும் கனத்த பேசுபொருளும் கொண்ட நூல்கள் அதிகம் இருக்கும். பிரிட்டனில் 1936 முதல் வழங்கப்படும் கார்னகி பதக்கத்தை நூலகர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஓவியத்துக்கென 1950-களில் தொடங்கி, நெடுங்காலம் கேட் கிரீனவே பதக்கம் என்று அறியப்பட்டிருந்த விருதும் இப்போது கார்னகி என்ற பெயரிலேயே தரப்படுகிறது. பாட்ரிக் நெஸ் எழுதி ஜிம் கே வரைந்த 'எ மான்ஸ்டர் கால்ஸ்' 2012-இல் இவ்விரண்டு பதக்கங்களையும் ஒருங்கே பெற்றது. தாயின் நோயை எதிர்கொள்ளும் சிறுவனின் கதை அது. ஒரே நூலை எழுத்துக்காகவும் ஓவியத்துக்காகவும் வாங்கலாம் என்பதற்கு நல்ல சான்று.

மற்றொரு வகை விருதுகள் தனி நூலுக்குத் தரப்படுவதே இல்லை. சிறார் நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பான இப்பி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வழங்கும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது, 1956 முதல் எழுத்தாளர்களுக்கும் 1966 முதல் ஓவியர்களுக்கும் அவர்களின் ஒட்டுமொத்தப் படைப்புக்காகத் தரப்படுகிறது. ஸ்வீடன் அரசு 2002-இல் நிறுவிய ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருதும் அப்படித்தான். அது எழுத்தாளர், ஓவியர் ஆகியோரோடு வாய்மொழிக் கதைசொல்லிகளுக்கும் வாசிப்பை வளர்க்கும் அமைப்புகளுக்கும்கூடத் தரப்படுகிறது. இவ்விருதுகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 'விருது பெற்ற நூல்' எது என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அப்பட்டியல்கள் வேறு வகையில் பயன்படும்: ஆங்கிலத்துக்கு அப்பால், ஜப்பானிய, சீன, போர்ச்சுகீசிய, ஜெர்மானிய மொழிகளில் யார் எழுதுகிறார்கள் என்பதை அறிந்து, அவர்களின் நூல்கள் மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றனவா என்று தேடத் தொடங்கலாம். என் கணிப்பில், பரந்த பார்வையுள்ள அலமாரி ஒன்றை உருவாக்க விரும்புவோருக்கு நியூபெரி பட்டியலைவிட ஆண்டர்சன் பட்டியல்தான் நல்ல தொடக்கம்.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை, சாகித்திய அகாதெமி 2010-ஆம் ஆண்டு முதல் வழங்கும் பால சாகித்திய புரஸ்கார் அடிப்படையான பட்டியலாக அமையும். தமிழுக்கான முதல் விருது ம. இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை' என்னும் பாடல் தொகுப்புக்குக் கிடைத்தது. பின்னர் இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014-இலும், யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இலும், உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-இலும் இவ்விருதைப் பெற்றன. பாடல், அறிவியல், குழந்தைப் பாதுகாப்பு, வரலாறு என்று பேசுபொருள் விரிந்திருப்பதைக் கவனியுங்கள். ஒரே அலமாரித் தட்டில் இவற்றை அடுக்குவது வாசகருக்கு உதவாது. இவ்விருது இருபத்து நான்கு மொழிகளுக்கும் தரப்படுவதால், பிற இந்திய மொழிகளில் விருது பெற்று மொழிபெயர்ப்பாக வந்த நூல்களையும் இதே வழியில் தேடலாம்.

குறிப்பிட்ட தேவைக்கான விருதுகளையும் மறந்துவிட வேண்டாம். தகவல் நூல்களுக்கு சைபர்ட் பதக்கம் உண்டு. மாற்றுத்திறன் அனுபவத்தைச் சித்திரிக்கும் நூல்களுக்கு ஷ்னைடர் குடும்ப விருது, ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் கொரெட்டா ஸ்காட் கிங் விருது ஆகியன உள்ளன. வேற்றுமொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த நூலின் பதிப்பகத்துக்கு பாட்சல்டர் விருது தரப்படுகிறது. கதை நூல்களால் நிரம்பி, அறிவியலும் வாழ்க்கை வரலாறும் மெலிந்து கிடக்கும் நூலகங்களுக்கு சைபர்ட் பட்டியல் உடனடியாகக் கைகொடுக்கும்.

மூன்றாம் படி: வென்ற நூலோடு நின்றுவிடாமல் பட்டியலை விரியுங்கள்

நடுவர் குழுவின் முடிவு பல சமயம் ஓரிரு வாக்குகளில் அமைந்துவிடக்கூடும். அதனால் சிறப்புக் குறிப்புப் பெற்றவை, குறும்பட்டியலில் இடம்பெற்றவை ஆகிய நூல்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1953-ஆம் ஆண்டு நியூபெரி பதக்கம் ஆன் நோலன் கிளார்க்கின் 'சீக்ரெட் ஆஃப் தி ஆண்டிஸ்' நூலுக்குப் போனது, ஈ. பி. ஒயிட்டின் 'ஷார்லட்ஸ் வெப்' சிறப்புக் குறிப்போடு நின்றது. எழுபது ஆண்டுகள் கடந்த பின், இவ்விரண்டில் எது இன்னும் குழந்தைகளின் கைகளில் தவழ்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு விரிதாளில் நூலின் பெயர், ஆசிரியர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர், விருது, ஆண்டு, வென்றதா குறிப்புப் பெற்றதா, பொருத்தமான வகுப்பு, மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல் அமைத்துக்கொள்ளுங்கள். விருது வழங்கும் அமைப்பின் சொந்த இணையதளத்திலிருந்தே விவரத்தை எடுக்க வேண்டும். விற்பனைத் தளங்களில் 'விருது பெற்ற ஆசிரியரின் நூல்' என்று வரும் விளம்பரம் ஏமாற்றக்கூடியது. ஆசிரியர் வேறொரு நூலுக்கு விருது பெற்றிருப்பார், உங்கள் கையில் உள்ளது அவருடைய சாதாரணமான முயற்சியாக இருக்கும்.

நான்காம் படி: வாங்கும் முன் படியுங்கள்

எல்லா நூலையும் முழுவதுமாகப் படிக்க யாராலும் முடியாது. ஆனால் முதல் அத்தியாயம், நடுவில் ஏதாவது பத்துப் பக்கங்கள், இறுதி அத்தியாயத்தின் தொடக்கம் ஆகிய மூன்றையும் படித்தால் நூலின் மொழிநடையும் கனமும் ஓரளவு பிடிபட்டுவிடும்.

படநூலுக்கு வேறு சோதனை வேண்டும். நூலின் நடுப்பகுதியில் இரு பக்கங்களிலும் விரியும் ஓவியம் ஒன்றைத் திறந்து, ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, வகுப்பின் கடைசி வரிசை இருக்கும் தூரத்துக்கு நகர்ந்து நின்று பாருங்கள். முக்கியமான உருவம் இரு பக்கங்களும் சேரும் மடிப்புக்குள் விழுந்து மறைகிறதா, அங்கிருந்து பார்க்கும்போது முகபாவம் தெரிகிறதா என்று கவனியுங்கள். மென்மையான நீர்வண்ணத்தில் நுணுக்கமாக வரையப்பட்ட சில பதக்க நூல்கள், மடியில் வைத்துப் பார்க்க அற்புதமானவை. முப்பது குழந்தைகளுக்கு முன் தூக்கிக் காட்டினால் வெறும் சாம்பல் திட்டாகத் தெரியும். அப்படிப்பட்ட நூலை வகுப்பில் கதை சொல்வதற்கென்று வாங்காமல், தனி வாசிப்புக்கென்று வாங்குங்கள்.

மொழியின் கடினத்தை அளக்க, மாணவரையே ஒரு பக்கம் படிக்கச் சொல்லித் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்வது பழைய உத்தி. ஐந்து விரலும் மடங்கிவிட்டால் தனியாகப் படிக்க அந்த நூல் கடினம். அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆசிரியர் வாசித்துக் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய விருது நூல்களில் கூடுதல் கவனம் தேவை. ஹ்யூ லாஃப்டிங்கின் 'தி வாயேஜஸ் ஆஃப் டாக்டர் டூலிட்டில்' 1923-இல் நியூபெரி பதக்கம் பெற்றது. அதில் இருந்த இனவாதச் சித்திரிப்புகள் காரணமாகப் பிற்காலப் பதிப்புகள் திருத்தி வெளியிடப்பட்டன. நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பதக்கத்தை இன்றைய பரிந்துரையாகக் கொள்ளக் கூடாது. வரலாற்று ஆர்வத்துக்காக வைத்திருக்க விரும்பினால், எந்தப் பதிப்பு உங்களிடம் உள்ளது என்பதைத் தெரிந்துகொண்டு, ஆசிரியர் உடனிருந்து படிக்கும் நூலாக வையுங்கள்.

இளையோர் நூல்களில் சிக்கல் வேறு வகையானது. மெல்வின் பர்ஜஸின் 'ஜங்க்' போதைக்கு அடிமையான பதின்வயதினரைப் பற்றியது. கெவின் புரூக்ஸின் 'தி பங்கர் டைரி' கடத்தி அடைக்கப்பட்டவர்களைப் பற்றியது. இரண்டும் கார்னகி பதக்கம் பெற்றன, இரண்டும் சர்ச்சைக்கு உள்ளாயின. நூலகர்களே தேர்ந்தெடுத்த நூல்கள் என்பதால் இவை ஐந்தாம் வகுப்புக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்காக உயர்நிலை மாணவர்களிடமிருந்து இவற்றை மறைப்பதும் சரியல்ல; பதினாறு வயது வாசகர் செய்தித்தாளில் அன்றாடம் படிப்பதைவிட இவை கவனமாகவும் பொறுப்போடும் எழுதப்பட்டவை.

வடிவத்தைப் பற்றிய முன்முடிவையும் இந்தப் படியிலேயே கைவிட்டுவிடுவது நல்லது. 2016-இல் நியூபெரி பதக்கம் ஒரு படநூலுக்குக் கிடைத்தது. 2020-இல் ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' அப்பதக்கத்தைப் பெற்ற முதல் சித்திர நாவலானது. சித்திர நாவல் படிப்பதைப் 'படிப்பாகவே' கருதாத பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பேசும்போது இத்தகவல் பயன்படும்.

ஐந்தாம் படி: பதிப்பையும் மொழிபெயர்ப்பையும் உறுதிசெய்யுங்கள்

புகழ்பெற்ற தலைப்புகளுக்குச் சுருக்கப் பதிப்பு, எளிமையாக்கப்பட்ட பதிப்பு, திரைப்பட ஒட்டுப் பதிப்பு என்று பல உருவங்கள் சந்தையில் உள்ளன. விருது பெற்றது மூலநூல். சுருக்கத்துக்கு அந்தத் தகுதி தானாக வந்துவிடாது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான, 2007 முதல் பதின்மூன்று இலக்கமாக உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொண்டு, ஆணை அனுப்பும் முன் பதிப்பகத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பக்க எண்ணிக்கை கணிசமாகக் குறைந்திருந்தால் அது பெரும்பாலும் சுருக்கம்தான். நூலகத்தில் அடிக்கடி கைமாறும் நூல் என்றால், பசையில் மட்டும் ஒட்டிய மெல்லட்டையைவிட நூலால் தைத்த கட்டமைப்பு உள்ள பதிப்பைத் தேடுங்கள்.

மொழிபெயர்ப்பு நூலில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் தலைப்புப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே போடாத மொழிபெயர்ப்பில் உழைப்பும் குறைவாக இருப்பதையே பெரும்பாலும் காண்கிறேன். பிறகு, உரையாடல் நிறைந்த ஒரு பக்கத்தை உரக்கப் படியுங்கள். அந்தக் குழந்தைப் பாத்திரங்கள் வாயால் பேசக்கூடிய வாக்கியங்களைப் பேசுகிறார்களா என்பது இரண்டு நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: பதிவும் அடுக்கும்

சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றும்போதே, பட்டியல் பதிவின் குறிப்புப் பகுதியில் விருதின் பெயரையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். விருதின் பெயரை எப்போதும் ஒரே வடிவில் எழுதுவது அவசியம். ஒரு முறை 'பால சாகித்திய புரஸ்கார்' என்றும் மறுமுறை 'பால் சாகித்ய விருது' என்றும் எழுதினால் கணினித் தேடலில் பாதி நூல்கள் வராமல் போகும். நூலின் முதுகில், வகைப்பாட்டு எண்ணுக்கு மேலே, ஒரு சிறிய வண்ணப் புள்ளி ஒட்டினால் போதும்.

விருது நூல்களைத் தனி அலமாரியில் நிரந்தரமாகப் பிரித்து வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பளபளப்பாக அடுக்கப்பட்ட நூல்களை மாணவர்கள் பரிசுக் கோப்பைகளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அறிவியல் நூல் அறிவியல் வரிசையிலும் துப்பறியும் கதை அதன் வரிசையிலும் இருக்கட்டும். மாதம் ஒரு விருதைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய ஏழெட்டு நூல்களை முகப்பு தெரியும்படி நுழைவாயிலருகே வையுங்கள். அந்தக் காட்சியிலிருந்தே இரவல் எடுக்க அனுமதி இருக்க வேண்டும். எடுக்க எடுக்க நிரப்பிக்கொண்டே இருங்கள்.

ஏழாம் படி: மாணவர்களையே நடுவர்களாக்குங்கள்

கார்னகி பதக்கத்தையொட்டி நடைபெறும் நிழல் வாசிப்புத் திட்டம் எல்லாப் பள்ளிகளும் பின்பற்றத்தக்கது. அதிகாரபூர்வ நடுவர்கள் குறும்பட்டியலைப் படிக்கும் அதே காலத்தில் பள்ளி வாசிப்புக் குழுக்களும் அந்த நூல்களைப் படித்து, விவாதித்து, தங்கள் தேர்வை அறிவிக்கின்றன. இதைச் சிறிய அளவில் செய்ய ஐந்தாறு நூல்கள், நூலுக்கு இரண்டு அல்லது மூன்று பிரதிகள், ஒரு பருவம் ஆகியவை போதும். மாணவர்களுக்கு நான்கு வரி அளவுகோல் ஒன்றைக் கொடுங்கள்: கதை நகர்ந்த விதம், மறக்க முடியாத பாத்திரம், மொழி, படித்து முடித்த பின் யாரிடமாவது பேசத் தோன்றியதா. பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நிற்காமல், நூலிலிருந்து ஒரு பக்கத்தைச் சுட்டிக் காட்டிப் பேச வேண்டும் என்ற ஒரே விதியை மட்டும் கண்டிப்பாக வையுங்கள். அவர்களின் முடிவும் பெரியவர்களின் முடிவும் மாறுபடும்போதுதான் விவாதம் சூடுபிடிக்கும். மாணவர்கள் தேர்ந்தெடுத்த நூலுக்குப் பள்ளியின் சொந்த முத்திரையை ஒட்டி, பதிவிலும் அதைக் குறித்து வையுங்கள். அதிகாரபூர்வ பதக்கத்தைவிட அந்த முத்திரைதான் அடுத்த ஆண்டு மாணவர்களை அந்த நூலை எடுக்க வைக்கும்.

எட்டாம் படி: எதிர்ப்பு வருவதற்கு முன்பே கொள்கையை எழுதி வையுங்கள்

ஒரு பெற்றோர் நூலைக் கையில் ஏந்தி வந்து நிற்கும் நாளில் கொள்கை வகுக்க முடியாது. நூல்கள் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன, எந்த வகுப்பிலிருந்து இளையோர் பிரிவு திறக்கப்படுகிறது, ஆட்சேபம் எழுத்து வடிவில் யாரிடம் தரப்பட வேண்டும், அதைப் பரிசீலிக்கும் குழுவில் யார் இருப்பார்கள் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியரின் ஒப்புதலைப் பெறுங்கள். பரிசீலிப்பவர்கள் நூலை முழுவதும் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அந்தக் குழுவுக்கு விருதுத் தகவல் ஒரு சான்றாகும்; ஆயினும் 'விருது பெற்றது' என்பதை மட்டுமே பதிலாகச் சொல்லாமல், இந்தப் பள்ளியின் எந்த வாசகருக்காக இந்நூல் வாங்கப்பட்டது என்பதையும் சொல்ல உங்களால் முடிய வேண்டும். விரிதாளில் 'பொருத்தமான வகுப்பு' என்ற நிரலை நிரப்பச் சொன்னது இதற்காகவும்தான்.

ஒன்பதாம் படி: ஆண்டு முடிவில் கழித்தெடுங்கள்

இரண்டு ஆண்டுகளாக யாரும் எடுக்காத விருது நூலை உடனே நீக்க வேண்டாம். முதலில் அதை வேறு வகுப்புப் பிரிவுக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து முதல் அத்தியாயத்தை வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் தேங்கி நின்றால் நீக்கலாம். பதக்கம் அலமாரியில் நிரந்தர இடத்துக்கான பட்டா அல்ல. தகவல் நூல்களில் இந்தப் பொறுமையும் வேண்டாம். விண்வெளி, மருத்துவம், தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பற்றிய பழைய பதக்க நூல்களில் செய்தி காலாவதியாகியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். நீக்கும் நூலின் பதிவை அழிக்காமல், நீக்கிய தேதியையும் காரணத்தையும் எழுதி வையுங்கள். அடுத்து வரும் நூலகர் அதே பட்டியலைப் பார்த்து அதே நூலை மீண்டும் வாங்காமல் இருக்க அது உதவும்.